முயலுக்குக் கடுகா, காளானா, உலர்பிளம்ஸா? பிரெஞ்சு முறையில் மூடி வேகவைக்கும் மூன்று வழிகள்

முயல் கறியைக் கனமான பாத்திரத்தில் மூடி, மெல்லிய தீயில் வேகவைக்கும் முறைகள் பிரெஞ்சு வீடுகளில் பல உண்டு. ஆனால், முதல்முறையாக முயல் வாங்கிச் சமைக்க நினைப்பவர் உண்மையில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். டிஜோன் கடுகு விழுதும் கிரீமும் சேர்த்துச் செய்வது ஒன்று. உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி, சிறு வெங்காயம், காளான், வெள்ளை ஒயின் ஆகியவற்றோடு செய்யும் ஜிப்லோத் இன்னொன்று. சிவப்பு ஒயினிலோ அடர்நிற பீரிலோ உலர்பிளம்ஸ் போட்டுச் செய்வது மூன்றாவது. சமையல் குறிப்புகளைப் படித்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: துண்டுகளைச் சிவக்க வறுக்க வேண்டும், வெங்காயம் சேர்க்க வேண்டும், ஒயின் ஊற்றி மூட வேண்டும். ஆகவே எதைச் செய்தாலும் சுவை மட்டுமே மாறும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் எந்தப் பகுதியை வாங்குவது, எப்போது சமைக்கத் தொடங்குவது, யாருக்குப் பரிமாறுவது என்பதெல்லாம் இந்தத் தேர்வைப் பொறுத்தே அமைகின்றன.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான காரணம், முயலின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதுதான். பண்ணை முயல் பிறந்த பத்துப் பதினொரு வாரங்களில் கடைக்கு வந்துவிடுகிறது; தோலுரித்துச் சுத்தம் செய்த பின் 1.3 முதல் 1.5 கிலோ வரை எடை இருக்கும். இவ்வளவு இளம் விலங்கின் தசைக்குள் ஆட்டுக்கறியில் இருப்பதைப் போலக் கொழுப்பு ஊடுருவி இருப்பதில்லை. இருக்கும் சிறிதளவும் குண்டிக்காயைச் சுற்றி வெள்ளைக் கட்டியாக ஒதுங்கியிருக்கும். எனவே முயலைச் சமைக்கும் ஒவ்வொரு முறையும், இல்லாத கொழுப்பை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்விக்குத் தரப்பட்ட ஒரு விடை என்றே கொள்ளலாம். கடுகு முறை அதைக் கிரீமிலிருந்து எடுத்துக்கொள்கிறது, ஜிப்லோத் பன்றிக்கறியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உலர்பிளம்ஸ் முறையோ கொழுப்பைப் பெரிதாகத் தேடாமல், பழத்தின் இனிப்பையும் குழைவையும் கொண்டு அந்தக் குறையை மறைக்கப் பார்க்கிறது.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்தப் பகுதியை வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பிரான்சின் பல்பொருள் அங்காடிகளில் பின்தொடைகள் மட்டும் தனியாகத் தட்டில் அடைத்து விற்கப்படுகின்றன; முழு முயல் வேண்டுமானால் கறிக்கடையிலோ வாரச் சந்தையிலோ பெரும்பாலும் தலையோடும் ஈரலோடும் கிடைக்கும். கிலோக் கணக்கில் பார்த்தால் தொடையின் விலை கூடுதல்தான். ஆனாலும் புதியவருக்குத் தொடையே ஏற்றது. தொடையில் இணைப்புத் திசு ஓரளவு இருப்பதால், வெப்பம் 70 பாகை செல்சியஸைத் தாண்டிய நிலையில் நேரம் செல்லச் செல்ல அது இளகி ஜெலட்டினாக மாறி, கறிக்கு மென்மையையும் குழம்புக்கு லேசான பசையையும் தருகிறது. முதுகுக் கறியில் அந்தத் திசு ஏறக்குறைய இல்லை. தொடை வேக ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்றால், முதுகுக் கறிக்கு இருபத்தைந்து முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் நார் நாராகப் பிரிந்து, எவ்வளவு குழம்பு ஊற்றினாலும் வாயில் சக்கையாகவே நிற்கும். முயல் என்றாலே வறட்டுக்கறி என்று பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு துண்டுதான். முழு முயலைச் சமைப்பவர் முதுகுத் துண்டுகளையும் வறுத்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, தொடை பாதி வெந்த பிறகே பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். முதுகின் மேல் படர்ந்திருக்கும் வெள்ளி நிறச் சவ்வைக் கத்தி நுனியால் நெம்பி உரித்துவிடுவதும் அவசியம். விட்டுவைத்தால் சூடு பட்டதும் அது சுருங்கி, துண்டையே வளைத்துவிடும்.

இனி கடுகு முறையைப் பார்ப்போம். மூன்றில் இதுவே மிகவும் பெயர் பெற்றது; செய்வதற்கு எளிதானது என்ற பெயரும் இதற்கு உண்டு. ஒரு முயலுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி டிஜோன் கடுகு விழுது, கால் லிட்டர் புளிப்பான வெள்ளை ஒயின், நான்கைந்து எஷலோத் வெங்காயம், தைம், லாரல் இலை, 200 மில்லி கெட்டிக் கிரீம் ஆகியவை போதும். பர்கண்டி பகுதிக்காரர்கள் தங்கள் ஊர் அலிகோதே ஒயினை ஊற்றுவார்கள். இனிப்பில்லாத எந்த வெள்ளை ஒயினும் பொருந்தும்.

டிஜோன் என்ற பெயரைக் கண்டதும் அந்த ஊரில் விளைந்த கடுகு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பெயர் செய்முறையைத்தான் குறிக்கிறது. அதை எந்த நாட்டிலும் தயாரிக்கலாம், பிரான்சில் அரைக்கப்படும் விதையிலும் பெரும்பங்கு நெடுங்காலமாகக் கனடாவிலிருந்தே வந்தது. 2021 கோடையில் கனடாவில் கடும் வறட்சி ஏற்பட்டு விளைச்சல் சரிந்ததால், 2022இல் பிரெஞ்சுக் கடைகளில் கடுகுப் புட்டிகள் இருந்த அலமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. அங்கேயே விளைந்த விதையும் அங்கேயே வடித்த வெள்ளை ஒயினும் வேண்டும் என்பவர்கள், 2009இல் புவிசார் பாதுகாப்புப் பெற்ற ‘மூத்தார்த் தெ பூர்கோஞ்’ என்ற பெயரைப் பார்த்து வாங்கலாம். வேகவைக்கும் குழம்புக்கு அந்தக் கூடுதல் விலை வீண் என்பது என் கருத்து. கடுகு விழுதின் மூக்கில் ஏறும் நெடி ஆவியாகிப் போகக்கூடியது; ஒரு மணி நேரம் கொதித்த பிறகு நல்ல கடுகுக்கும் மலிவான கடுகுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடு மிகக் குறைவு. எண்ணெயில் தாளித்த கடுகில் நெடி இல்லாததை அறிந்த நமக்கு இது புதிய செய்தியும் அன்று. ஆகவே சமைக்கும்போது சாதாரணக் கடுகு விழுதையே சேர்த்துவிட்டு, அடுப்பை அணைத்த பின் ஒரு கரண்டி நல்ல விழுதையோ, விதை முழுதாகத் தெரியும் பழைய பாணிக் கடுகையோ கலந்துகொண்டால் நெடியும் கிடைக்கும், செலவும் அடங்கும்.

கடுகை எப்போது தடவுவது என்பதில் இரண்டு கட்சிகள் உள்ளன. வறுப்பதற்கு முன்பே துண்டுகளின் மேல் தடித்த பூச்சாகத் தடவிச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. முதலில் வெறும் கறியை வறுத்துவிட்டுப் பிறகு தடவ வேண்டும் என்பது மற்றது. முதல் கட்சியின் வழி அடுமனையில் (ஓவனில்), திறந்த தட்டில் சுட்டெடுக்கும்போது நன்றாக வருகிறது. அடுப்பின் மேல் செய்யும்போது கடுகுப் பூச்சு கறியை விட்டு நழுவி, பாத்திரத்தின் அடியில் பிடித்து, கறி சிவக்கும் முன்பே கருகிக் கசக்கத் தொடங்கிவிடும். கறியைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, வெண்ணெயும் எண்ணெயும் கலந்த சூட்டில் எல்லாப் பக்கமும் பொன்னிறமாக வறுத்து, தட்டில் எடுத்து வைத்துக் கடுகைத் தடவி, அதே பாத்திரத்தில் வெங்காயத்தை வதக்கி, ஒயினை ஊற்றி அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிய பிறகு கறியைத் திரும்ப வைப்பதே பாதுகாப்பானது. கொதி என்பது ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் எழுந்து உடைவதோடு நிற்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் கறி இறுகிவிடும். தொடையெலும்பின் நுனியில் கறி மேலே ஏறி, எலும்பு விரல்நகம் அளவுக்கு வெளியே தெரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

கிரீம்தான் இதில் தடுக்கி விழ வைக்கும் இடம். கொழுப்பு 30 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள கெட்டிக் கிரீமைத்தான் பயன்படுத்த வேண்டும். நார்மண்டியின் இஸிஞ்ஞி கிரீம் போன்றவை ஒயினின் புளிப்பையும் கடுகின் புளிப்பையும் தாங்கிக்கொள்ளும். உடல்நலம் கருதி 15 விழுக்காட்டுக் கிரீமை ஊற்றினால் குழம்பு திரிந்து, வெள்ளைத் துகள்களாக மிதக்கும். அதை மீட்க எளிய வழி கிடையாது. கிரீமைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்ப்பதே முறை. ஒயின் வேண்டாதவர்களுக்கும் மூன்றில் இதுவே எளிதாக வளைந்து கொடுக்கும்; புளிப்பைக் கடுகு விழுதே தந்துவிடுவதால், காய்ச்சிய கோழிச் சாறும் சிறிது எலுமிச்சையும் சேர்த்தால் போதும். பன்றிக்கறியும் இதற்குத் தேவையில்லை.

ஜிப்லோத் அந்த வகையில் விட்டுக்கொடுக்காதது. 150 கிராம் லார்தோன், அதாவது விரல் பருமனில் வெட்டிய உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி, முதலில் பாத்திரத்தில் விழுந்து தன் கொழுப்பை விட வேண்டும். அந்தக் கொழுப்பில்தான் தோலுரித்த சிறு வெங்காயங்களும், பிறகு முயல் துண்டுகளும் சிவக்கின்றன. மேலே ஒரு கரண்டி மைதாவைத் தூவிக் கிளறி, முக்கால் பங்கு வெள்ளை ஒயினும் கால் பங்கு சாறும் ஊற்றி, தைம், லாரல் இலை, பார்ஸ்லிக் காம்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய கட்டைப் போட்டு மூடிவிட்டால், அடுத்த நாற்பது நிமிடத்துக்கு வேலையில்லை. காளானைத் தனியாக வேறொரு வாணலியில், அதன் தண்ணீர் முழுதும் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்கி, கடைசிக் கால் மணி நேரத்தில் சேர்க்க வேண்டும். நேரம் மிச்சப்படுத்த நினைத்துப் பச்சையாகவே போட்டால் அது விடும் நீர் குழம்பை நீர்த்துப்போகச் செய்துவிடும். இதன் குழம்பு கிரீம் போட்டதைப் போல வெண்மையாகவும் கனமாகவும் இராது. மங்கிய பொன்னிறத்தில், கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டும் அளவே இருக்கும். கடுகு முறையில் கடுகும் கிரீமும் முன்னே வந்து நிற்க, முயல் பின்னால் போய்விடுகிறது என்பதை மூன்றையும் உண்டு பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஜிப்லோத்தில் முயலின் சுவையே நாக்கில் படும். எனக்கு மூன்றில் பிடித்தது இதுதான்.

முழு முயலைச் சமைப்பதானாலும் இதுவே சிறந்தது. பன்றிக்கொழுப்பு முதுகுக் கறிக்கும் ஓரளவு காப்பாக அமைகிறது. முன்னங்கால், விலா, கழுத்து முதலிய எலும்புத் துண்டுகள் குழம்புக்குச் சாறு தருகின்றன. பன்றிக்கறி உண்ணாதவர்களுக்காக வான்கோழிக் கறியில் செய்த லார்தோன் பிரெஞ்சுக் கடைகளில் கிடைக்கிறது. புகைமணத்தை அது தரும், கொழுப்பைத் தராது. வெண்ணெயையோ ஆலிவ் எண்ணெயையோ கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குக் கடுகு முறையே மேல் என்று தோன்றுகிறது.

உலர்பிளம்ஸ் முறைக்கு இரண்டு தாயகங்கள். தென்மேற்கில் அழான் பகுதியின் உலர்பிளம்ஸ் 2002 முதல் புவிசார் பாதுகாப்புப் பெற்றது. அங்கே இதைச் சிவப்பு ஒயினில் செய்கிறார்கள், பழத்தை ஆர்மன்யாக் என்னும் பிராந்தியில் ஊறவைப்பவர்களும் உண்டு. வடக்கில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய பகுதியில், அடர்நிற பீர் ஒயினின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் செய்பவருக்கு பீர் வழியையே பரிந்துரைப்பேன். சிவப்பு ஒயினில் வேகும் முயல் ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறி, தட்டில் பார்க்கச் சோர்வாக இருக்கும். பீரின் பழுப்பு நிறமும் மால்ட் இனிப்பும் பழத்தோடு இயல்பாக இணைகின்றன. கசப்பு மிகுந்த ஹாப்ஸ் பீரைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் குழம்பு சுண்டச் சுண்டக் கசப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். 250 கிராம் பழத்தை இளஞ்சூடான கட்டன்தேநீரில் ஊறவைத்து, கடைசி இருபது நிமிடத்தில் சேர்ப்பது போதுமானது. தொடக்கத்திலேயே சேர்த்தால் கரைந்து கூழாகி, குழம்பு பாகு போலாகிவிடும். கொட்டையோடு வாங்கிய பழம் உருக்குலையாமல் நிற்கும்; குழந்தைகள் உண்பதானால் கொட்டை நீக்கியதே நல்லது, ஏற்கெனவே முயலின் சிறு எலும்புகள் கூர்மையானவை.

இந்த முறையின் தனி நன்மை, முதல் நாளே செய்து வைக்கலாம் என்பது. கிரீம் சேர்ந்த குழம்பை மறுநாள் சூடாக்கினால் கொழுப்பு பிரியும் ஆபத்து உண்டு. ஜிப்லோத்தின் காளான் ரப்பர் போலாகிவிடும். பிளம்ஸ் குழம்பு மட்டும் இரவு முழுதும் குளிர்பெட்டியில் இருந்தபின் புளிப்பும் இனிப்பும் சமன்பட்டு, முதல்நாளைவிடத் தேறியிருக்கும். பத்துப் பேருக்கு விருந்து வைப்பவர், விருந்தினர் வரும் நேரத்தில் அடுப்படியில் நிற்க விரும்பாதவர் ஆகியோருக்கு இதைவிட ஏற்றது இல்லை. இனிப்புக் கலந்த கறி பிடிக்காத வீட்டில் மட்டும் இதைத் தொடவே வேண்டாம். மசாலாவைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது.

வேறு முறைகளும் இல்லாமல் இல்லை. ஆப்பிள் சைடரில் செய்யும் நார்மண்டி முறை, கடுகு இல்லாத கடுகு முறை என்று சொல்லத்தக்கது. தக்காளி சேரும் வேட்டைக்காரர் முறை ஜிப்லோத்துக்கு மிக நெருங்கிய உறவு. குழம்பை இரத்தத்தால் கெட்டியாக்கும் சிவே, வீட்டில் முதன்முதலில் செய்வதற்குரியது அன்று.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதுவே பெரிய தயக்கம். எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம்தான் இதற்கென்றே அமைந்தது. 1925 முதல் லெ க்ரூஸேயும், 1974 முதல் ஸ்தோபும் அதைச் செய்து விற்கின்றன; விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்கும். ஆனால் அடி கனமான, மூடி நன்றாகப் பொருந்தும் எந்தப் பாத்திரமும் இந்த வேலையைச் செய்யும். பிரஷர் குக்கர் போதுமா என்று கேட்பவர்களுக்கு, பிரெஞ்சு வீடுகளிலும் 1953இல் செப் நிறுவனம் தன் குக்கரை விற்கத் தொடங்கியதிலிருந்து முயல் அதில் வெந்துகொண்டுதான் இருக்கிறது என்று பதில் சொல்லலாம். தொடைக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் போதும். இழப்பு என்னவென்றால், மூடிய குக்கரில் குழம்பு சுண்டாது. மூடியைத் திறந்த பிறகு கறியை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பைத் தனியே கொதிக்கவிட்டு வற்றவைக்க வேண்டும். முதுகுக் கறியைக் குக்கரில் போடவே கூடாது. அடுப்பின் மேல் வைப்பதா, அடுமனைக்குள் வைப்பதா என்றால், 150 பாகை அளவில் சூடாக்கிய அடுமனை எல்லாப் பக்கமும் சீரான வெப்பம் தருவதால் அடிப்பிடிக்கும் கவலை இல்லை. அடுமனை இல்லாதவர்களுக்கு மிகச் சிறிய தீயும் கவனமும் போதும்.

காட்டு முயலில் செய்தால் சுவை கூடுமா என்ற கேள்வியும் வருவதுண்டு. அது பண்ணை முயலைவிடச் சிறியது, கறி இன்னும் அடர்ந்த நிறமுடையது, வேட்டை விலங்கின் மணமும் உண்டு. ஆகவே கிரீம் சேர்ந்த கடுகுக் குழம்பைவிட ஒயினில் ஊறிய பிளம்ஸ் குழம்பே அதற்குப் பொருந்தும், நேரமும் கூடுதலாக வேண்டும். ஒரு காலத்தில் பிரான்சின் வயல்வெளிகளில் மலிந்திருந்த அந்த முயல், 1952இல் அர்மான் தெலீல் என்ற மருத்துவர் மெய்ப்வா என்னும் ஊரில் இருந்த தன் தோட்டத்து முயல்களைக் கட்டுப்படுத்த மிக்ஸோமாட்டோசிஸ் வைரஸை விட்டதிலிருந்து, சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பெருமளவு அழிந்துபோனது. இன்று வேட்டைக்காரர் யாரையாவது அறிந்தவர்களுக்கே அது எளிதில் கிடைக்கும். கிடைத்தாலும் துலரீமியா என்ற தொற்று பரவக்கூடும் என்பதால் கையுறை அணிந்து சுத்தம் செய்து, உள்வெப்பம் 71 பாகையைத் தாண்டும்படி வேகவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை; இங்கே காட்டில் திரியும் முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதல்முறை என்றால் நான்கு பின்தொடைகளை வாங்கிக் கடுகில் செய்வதையே சொல்வேன். கத்தி வேலை இல்லை, முதுகுக் கறி வறண்டுபோகும் என்ற அச்சமும் இல்லை. அது கைவந்த பிறகு முழு முயலை வாங்கி ஜிப்லோத் செய்யலாம். பக்கத்தில் வைப்பதற்குப் பிரெஞ்சு வீடுகளில் வேகவைத்த உருளைக்கிழங்கோ தட்டையான பாஸ்தாவோ வழக்கம். ஜிப்லோத்தின் குழம்பு மட்டும் சோற்றோடும் நன்றாகச் சேர்கிறது, கிரீம் குழம்பு சேர்வதில்லை.

முழு முயலோடு வரும் ஈரலை மட்டும் எந்தக் குழம்பிலும் தொடக்கத்திலிருந்தே கொதிக்கவிட வேண்டாம். ஜிப்லோத் செய்யும்போது அதை வெண்ணெயில் லேசாகப் புரட்டி, மசித்து, இறக்கும் முன் குழம்பில் கலந்தால் கெட்டியும் ஆழமும் கூடும். கடுகு முறையிலும் பிளம்ஸ் முறையிலும் அதற்கு இடமில்லை; வெண்ணெயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வறுத்து, உள்ளே பச்சை இல்லாமல் வெந்ததும் உப்பும் மிளகும் தூவி, மற்றவர்கள் மேசைக்கு வருமுன் சமைத்தவரே உண்டுவிடலாம்.